பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ எங்கே உட்கார்ந்து படிப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. கொழும்புப் பக்கம் வத்தளையில் நீ குடியிருக்கும் வீட்டை நான் இன்னும் பார்த்ததில்லை. மருமகள் போனில் அனுப்பிய படத்தில் ஒரு நீலச் சுவரும், அதற்கு முன்னால் நிறுத்தியிருந்த பழைய மோட்டார் பைக்கும்தான் தெரிந்தன. அந்தப் படத்தைப் பல தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். பைக்கைப் பார்ப்பதற்காகத்தான் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் பாதியாக விழுந்திருந்த உன் தோளைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போன வியாழக்கிழமை நீ பேசினாய். நம்முடைய பேச்சு வழக்கமாக நீளாது. சாப்பிட்டீங்களா என்பாய், மழையா என்பாய், பிரஷர் மாத்திரை இருக்கா என்பாய். எல்லாவற்றுக்கும் நான் 'ம்' போடுவேன். அதற்குள் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அன்றைக்கு மட்டும் நீ போனை வைக்கவில்லை. "அப்பா, ஒண்ணு கேக்கணும். பக்கத்து வீட்டுக்காரரு பழைய பைக் ஒண்ண சும்மா போட்டு வச்சிருந்தாரு. கொறைஞ்ச வெலைக்கி குடுத்தாரு. ஞாயித்துக்கெழமையில கழட்டிப் பூட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். சாமான் என்னென்ன வாங்குறது? பெருசா செலவழிக்க ஏலாது. நூறு சாமானுக்கு மேல இருக்குற பொட்டி ஒண்ணு போன்ல வெளம்பரம் போடுறாங்க. அத வாங்கவா?" என்று கேட்டாய். கொஞ்சம் சிரித்தாய். பிறகு, "எனக்குத்தான் கை வராதே. இருந்தாலும் ஒரு ஆசை" என்றாய்.

"யோசிச்சு சொல்றேன் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஸ்பேனரையும் குறட்டையும் பற்றி நான் யோசிக்கப் போவதாக நீ நினைத்திருப்பாய். நான் யோசித்தது உன் கடைசிப் பேச்சைத்தான். அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பது வருஷம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார், சொந்த மகனோடு பேச முடியாமல் கொப்பித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியை வாங்காதே. நூறு சாமானில் உனக்குத் தேவைப்படுவது பத்தோ பன்னிரண்டோதான். மீதி எல்லாம் பெட்டியை நிறைத்துக் காட்டுவதற்காக வைத்தவை. அந்த விலைக்கு நூறு சாமான் கொடுக்க வேண்டுமென்றால், செய்கிறவன் ஏதாவது ஒன்றில் குறைக்கத்தான் வேண்டும். இரும்பில்தான் குறைப்பான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. மேலே பூசியிருக்கும் பளபளப்பில் குறைக்க மாட்டான், அதைப் பார்த்துத்தான் நாம் வாங்குகிறோம். அதே காசில் நாலு நல்ல சாமான் வாங்கு. மீதியை வேலை வர வர ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள். உன் பைக் பழைய ஜப்பான் பைக். படத்தில் பார்த்த அளவில், எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர்கள் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் திறந்த வாயுமாக இருக்கும் ஸ்பேனராகப் பார்த்து வாங்கு. இறுகிப்போன நட்டை எப்போதும் வளையத்தால் இளக்கு. இளகிய பிறகு மட்டும் திறந்த வாயைப் போட்டுச் சுற்று. வளையம் நட்டைச் சுற்றிப் பிடிக்கும், திறந்த வாய் இரண்டு பக்கம் மட்டும்தான் பிடிக்கும். இந்தச் சின்ன விஷயத்தை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான்.

இதையெல்லாம் ஏதோ பெரிய மெக்கானிக் பாஸ் மாதிரி எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் ஏழு மைல் தள்ளி இருந்தது. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அதற்காகத்தான் அந்தப் பழைய தொண்ணூறு சிசி பைக்கை வாங்கினேன். பிறகு அது பழுதாகிப் பழுதாகி எனக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன் என்றால், சாப்பாட்டுக்கு அம்மா மூன்று தடவை கூப்பிட வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாய். கிட்டே வந்தால் "சாமான் காணாமப் போயிரும், தள்ளி நில்லு" என்பேன். நான் அங்கே உட்கார்ந்தது பைக்குக்காக மட்டும் இல்லை. வீட்டில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது. இப்போது வீடு முழுக்க அப்படிப்பட்ட இடமாகத்தான் இருக்கிறது. என்னைக் கேள்வி கேட்க இங்கே யாரும் இல்லை.

உனக்குப் பதினெட்டு வயது முடிந்த வருஷம், ஹட்டனில் திருவிழாவின்போது ஒரு வேன்காரன் ஒலிபெருக்கி வைத்து சாமான் விற்றுக்கொண்டிருந்தான். சிவப்புப் பெட்டி. திறந்தால் கண்ணைப் பறித்தது. அம்மா பக்கத்தில் நின்றாள். "இவ்வளவு சாமான் எதுக்குங்க? நம்ம முஸ்லிம் நானாவோட இரும்புக் கடையில வேணும்ங்கிறத மட்டும் எடுங்களேன்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இவளுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று மடியில் வைத்துத் திறந்து திறந்து மூடினேன்.

அடுத்த மாதம் உனக்குத் தொழிற்பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மோட்டார் மெக்கானிக் கோர்ஸ், இரண்டு வருஷம். நீ அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாய். எனக்கு அதில் விருப்பம் இல்லை. வாத்தியார் மகன் கையில் கிரீஸோடு கராஜில் படுத்துக் கிடப்பதா என்று நினைத்தேன். நீ இன்னொரு தடவை பரீட்சை எழுத வேண்டும், ஒரு மேசையும் நாற்காலியும் உள்ள வேலைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். அதை நேராகச் சொல்லவும் இல்லை. சொன்னால் நீ காரணம் கேட்பாய். என்னிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் நான் எழுத வேண்டும். "அப்பா, இன்னைக்கு ஆயில் நான் மாத்துறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காந்து பாருங்க" என்றாய். கோர்ஸுக்குப் போகும் முன்னால் உன் கையை எனக்குக் காட்ட ஆசைப்பட்டாய் என்பது எனக்குப் புரிந்தது. சிவப்புப் பெட்டியைத் திறந்து பதினேழாம் நம்பரை நான்தான் எடுத்து உன் கையில் கொடுத்தேன். நீ பைக்குக்கு அடியில் பார்த்து, ஆயில் போல்ட்டைத் துணியால் துடைத்து, ஸ்பேனரை முழுசாக உள்ளே தள்ளிப் பொருத்தி, நிதானமாக இழுத்தாய். அவசரப்படவில்லை, தப்பான பக்கமும் திருப்பவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சத்தம் வந்தது. ஸ்பேனர் வழுக்கி உன் விரல் முட்டி இஞ்சினில் மோதியது. மறுபடி பொருத்தினாய். மறுபடி வழுக்கியது. மூன்றாவது தடவை பார்த்தபோது போல்ட்டின் மூலைகள் எல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டன.

உன்னைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். நாலாவது அடியில் போல்ட்டைச் சுற்றியிருந்த அலுமினியம் வெடித்து, கறுப்பு எண்ணெய் சாக்கில் ஓடியது. இஞ்சினை உடைத்தது நான், தம்பி. உன் கை அதில் படவே இல்லை. ஆனால் எழுந்து நின்று, மேல் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "ஒரு போல்ட்டு கழட்டத் தெரியல, நீ மெக்கானிக் படிக்கப் போறியா? ஒனக்கு இது கை வராது. எழுதி வச்சுக்க, சாகுற வரைக்கும் ஒனக்கு இது கை வராது."

குழாயடியில் சோப்புத்தூள் போட்டு வெகுநேரம் கையைக் கழுவினாய். முட்டியில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா துணி கொண்டு வந்தாள், வாங்கவில்லை. மறுநாள் காலையில் அவளிடம், "நான் கோர்ஸுக்குப் போகல. கொழும்புல மாமா கடைக்கே போறேன்" என்று நீ சொன்னதாக அம்மா என்னிடம் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மறைக்கத் தொடங்கினால் பிறகு எழுதுவதற்கே அர்த்தமில்லை.

இரண்டு நாள் கழித்துத் தோட்டத்து லொறியில் பைக்கை ஏற்றி டவுனில் இருந்த கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த பாஸ் சிங்களவர், நல்ல மனிதர், நம்மோடு பேசும்போது தமிழில்தான் பேசுவார். நான் சிவப்புப் பெட்டியையும் கையோடு கொண்டு போயிருந்தேன். மகன் எப்படிக் கெடுத்தான் என்று காட்டுவதற்காகத்தான் கொண்டு போனேன். அவர் உடைந்த இடத்தைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார். பிறகு பதினேழாம் நம்பரை வாங்கி, தன் மேசையிலிருந்து ஒரு புதுப் போல்ட்டை எடுத்து அதன் தலையில் மாட்டி, எனக்கு முன்னால் நீட்டி ஆட்டினார். கடகடவென்று ஆடியது. தன்னுடைய பழைய ஸ்பேனரை அதே போல்ட்டில் மாட்டினார். அசையவில்லை.

"சேர், மகன் மேல பிழை இல்ல" என்றார். "ஸ்பேனர் பிழை. இழுக்கும்போது வாய் விரிஞ்சிருச்சு. இத எனக்குக் குடுத்தாலும் இப்பிடித்தான் ஆகும்."

நீ அப்போது வீட்டில்தான் இருந்தாய். கொழும்புக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. கோர்ஸில் சேரவும் நாள் இருந்தது. பஸ்ஸில் வரும்போது, வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். வாசலில் நீ துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாய். "பைக் என்னாச்சு?" என்று அம்மா கேட்டாள். "ஒரு மாசம் ஆகும்" என்றேன். அவ்வளவுதான். பிறகு ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் நாம் ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வரத் தாமதமானது. நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாய் வரைக்கும் வந்தது. ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து உன் பையைத் தூக்கிக் கொடுத்து, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன்.

வெட்கம்தான் முதல் காரணம். அம்மா சொன்னதைக் கேட்காமல் பெட்டியை வாங்கியவன் நான், உளியால் அடித்தவன் நான், ஊர் கேட்கக் கத்தியவன் நான். அதைவிட மோசமான காரணம் ஒன்று உண்டு. அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது. நான் விரும்பாத வழியிலிருந்து நீயாகவே விலகிவிட்டாய். உண்மையைச் சொன்னால் நீ திரும்பவும் அந்தக் கடிதத்தைக் கையில் எடுப்பாய். அதனால் பேசாமல் இருந்தேன்.

நீ கெட்டுப்போகவில்லை. மாமா கடையிலிருந்து நகர்ந்து, ஸ்டோர்ஸில் சேர்ந்து, இன்றைக்கு உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அதை நினைத்து நான் பல தடவை என்னைச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் உன் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் இங்கே வந்து நின்ற நாலு நாளில் குழாய் ஒழுகியது. "கொஞ்சம் பாரு தம்பி" என்று அம்மா சொன்னாள். "எனக்கு இதெல்லாம் வராதும்மா, ஆளக் கூப்பிடுவோம்" என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா நோயில் படுத்த பிறகு ஒரு நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியான நேரம், அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "என்கிட்ட சொல்லி என்னங்க பிரயோசனம்? அவன்கிட்டல்ல சொல்லணும்" என்றாள். சரி என்றேன். அவள் போய், அவளை எடுத்த அன்றைக்கு நீ என் பக்கத்திலேயே நின்றாய். அன்றைக்கும் நான் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் நான் ரேடியோவோடு பேசுகிறேன், அடுப்போடு பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மதியத்தில் பனிமூட்டம் இறங்கினால் எதிரே இருக்கும் தேயிலை மலையும் தெரியாமல் போய்விடும். அப்போது இந்த உலகத்தில் நானும் தண்ணீர் கொதிக்கும் ஒரு கேத்தலும் மட்டும்தான் இருக்கிற மாதிரி இருக்கும்.

நேற்று சனிக்கிழமை ஹட்டனுக்குப் போனேன். அம்மா அப்போது சொன்ன அதே நானா கடைதான். பெரியவர் இல்லை, இப்போது அவர் மகன் இருக்கிறார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. சட்டைப் பையில் பத்தும் பதினாலும் பதினேழுமாக மூன்று புதுப் போல்ட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நீயும் கடைக்குப் போகும்போது அப்படிப் போ. ஸ்பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதே, எழுத்தை யார் வேண்டுமானாலும் பதிக்கலாம். போல்ட்டில் மாட்டி ஆட்டிப் பார். நானா ஒரு புது செட்டை எடுத்து வைத்தார். மாட்டிப் பார்த்தேன், ஆடியது. இன்னொன்று எடுத்தார், அதுவும் கொஞ்சம் ஆடியது.

"யாருக்கு சேர்?" என்று கேட்டார்.

"மகனுக்கு."

"மகன் மெக்கானிக்கா?"

"ஆகியிருக்க வேண்டியவன்" என்றேன். "நான்தான் விடல."

பதினாறு வருஷத்தில் அம்மாவைத் தவிர வேறு ஆளிடம் நான் அதைச் சொன்னது அப்போதுதான். நடுக்கடையில், மூன்று பேர் நிற்கும்போது சொல்லிவிட்டேன். நானா வெளியே வைத்திருந்த செட்டுகளை மெதுவாக எடுத்து உள்ளே வைத்தார். "அப்பிடின்னா இது சரிவராது. கொஞ்சம் இருங்க" என்று பின்னால் போனார். ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். பழைய சாமான், யாரோ கராஜை மூடியபோது வாங்கி வைத்ததாம். மேலே துரு இருந்தது. "பாவிச்சதுன்னு பாக்காதீங்க சேர். மேல் துரு மண்ணெண்ணெயில போயிரும். வாய் நேரா இருக்கா, வெடிப்பு இருக்கா, அத மட்டும் பாருங்க" என்றார். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. புதுச் செட்டின் விலையில் பாதிதான் ஆனது.

உனக்காக அதில் பொறுக்கியது எட்டு ஸ்பேனர், ஒரு குறடு, நட்டின் தலையில் கவிழ்த்து மாட்டும் ஐந்து சாக்கட், அவற்றைத் திருப்ப ஒரு ரெச்சட். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு தாடைக்கும் நடுவே வெளிச்சம் வரவில்லை. சாக்கட் எல்லாம் உள்ளே ஆறு மூலை உள்ளவை. பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டச் சுலபம், ஆனால் பழைய துருப்பிடித்த நட்டில் அது மூலையைத் தின்றுவிடும். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் புதிதாக வாங்கினேன். ஜப்பான் பைக்கின் கூட்டல் குறி ஸ்க்ரூவில் சாதாரண டிரைவர் அடிவரை இறங்காது, மேலேயே நின்று வழுக்கும். அதற்கென்று இருக்கும் ஒன்றை நானா தேடிக் கொடுத்தார். அப்படியும் கழலாத ஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் அடித்தால் தானாகத் திரும்பும் டிரைவர் ஒன்று இருக்கிறது. முடிந்தால் பிறகு நீயே வாங்கிக்கொள், பல இஞ்சின் மூடிகளை அது காப்பாற்றும். சுத்தியல், பிரஷ், எண்ணெய் பிடிக்கும் தட்டு, இவற்றில் காசை மிச்சம் பிடிக்கலாம். நட்டைப் பிடிக்கும் சாமானிலும், வண்டியைத் தூக்கி நிறுத்தும் சாமானிலும் மிச்சம் பிடிக்காதே. உங்கள் பக்கம் கடல் காற்று. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுற்றி வை.

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதி முடித்து, கீழே "அப்பா" என்று கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். திங்கட்கிழமை பார்சலோடு அனுப்புவதாக இருந்தேன். பத்து மணிக்கு நீ பேசினாய்.

"என்னப்பா, யோசிச்சீங்களா?" என்றாய்.

கடிதம் கண் முன்னால் மேசையில் கிடந்தது. அதைப் படித்துக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். "தம்பி, அன்னைக்கி ஆயில் போல்ட்டு... தப்பு ஒன் மேல இல்ல. ஸ்பேனர்தான். கராஜ்ல சொன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் கேட்டது, யாரோ கதவைச் சாத்தினார்கள். பிறகு நீ சொன்னாய்.

"எனக்கும் தெரியும்ப்பா."

நீயாகவே சொன்னாய். "நீங்க கராஜுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கி, நீங்க குளிக்கப் போனப்ப பொட்டியத் தொறந்து பாத்தேன். எல்லாம் இருந்துச்சு. பதினேழு மட்டும் இல்ல. அது பிழைன்னு தெரிஞ்சுதான் நீங்க மறைச்சிருக்கீங்கன்னு அப்பவே வெளங்கிருச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பிறகு, "ஸ்டேஷன்லயும் அப்பிடித்தான் இருந்தேன்" என்றாய்.

ஆமாம். அன்றைக்குப் பஸ் பாலத்தைக் கடக்கும்போது அந்த ஸ்பேனரை ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்துவிட்டேன். அதை நான் மேலே எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே அதை மட்டும் விட்டிருந்தேன். இவ்வளவு வருஷமும் இந்த விஷயத்தை நான் தனியாக வைத்திருப்பதாக நினைத்திருந்தேன். அந்த ஏழு நாளும், ரயில் வரும் வரைக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும், நீ எனக்காகக் காத்திருந்திருக்கிறாய். நான் சொல்லவில்லை என்றதும், உனக்குக் கை வராது என்று நீயே சொல்லத் தொடங்கிவிட்டாய். என் பொய்யை எனக்காக நீ வைத்துக்கொண்டிருந்தாய்.

"சரிப்பா, வைக்கிறேன்" என்றாய். இன்று புதன்கிழமை. நீ இன்னும் பேசவில்லை, நானும் உனக்குப் போன் எடுக்கவில்லை. தெரியும் என்று நீ சொன்னதற்கு மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அதை நான் அப்படி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன். மன்னிப்புக் கேட்டு உன்னிடமிருந்து ஒரு நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போவது மறுபடியும் என் வசதிக்குச் செய்கிற காரியமாகிவிடும். கோபப்படுவதென்றால் கோபப்படு. அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டேன். மூன்று நாள் ஆனது, எனக்கும் வேறு வேலை இல்லை. அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கிழித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றியிருக்கிறேன். நாளைக்கு ஹட்டனில் கொழும்பு பஸ்ஸில் பார்சல் போடுகிறேன். கிடைத்தது என்று சொல்வதற்காக நீ போன் எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்துக்காகவும் எடுக்க வேண்டாம். முதல் ஞாயிற்றுக்கிழமை பைக் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போல்ட்டில் கை வைத்த பிறகு எடு. கழன்றால் சொல்லு. கழலாவிட்டாலும் சொல்லு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா